சென்னைக்கு முதுகும் உண்டு

"காசு குடுத்து நடக்கப் போறியாடா?" என்றாள் அம்மா. ஞாயிற்றுக்கிழமை காலை நாலரை மணி. நான் பைக் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். மெரினாவில் உழைப்பாளர் சிலைக்குப் பக்கத்தில் ஆறு மணிக்கு ஒரு மரபு நடை. ஆளுக்கு ஐநூறு ரூபாய். குத்தம்பாக்கத்திலிருந்து அங்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அந்த நேரத்துக்கு எங்கள் ஊர் பஸ்ஸை நம்பிக் கிளம்பினால் நடை முடிந்து எல்லோரும் இட்லி சாப்பிடும்போதுதான் போய்ச் சேர முடியும். ஆக மூன்று கிலோமீட்டர் நடப்பதற்காக, போக வர அறுபது கிலோமீட்டர் பெட்ரோல் எரித்தேன். இந்த அபத்தம் எனக்குப் புரியாமல் இல்லை. பொறியியல் படித்தவன், கணக்கு வரும்.

நடை நன்றாகத்தான் இருந்தது. இதைச் சொல்லிவிட்டுத்தான் சண்டைக்கு வர வேண்டும். கூட்டிப்போன தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். விஷயம் தெரிந்தவர். சேப்பாக்கம் மாளிகையை 1768-ல் ஆற்காட்டு நவாபுக்காகக் கட்டினார்கள், பால் பென்ஃபீல்ட் கட்டியிருக்கலாம் என்கிறார்கள், இந்தோ-சாரசெனிக் பாணியின் தொடக்கம் இங்கேதான் என்றார். பிறகு ராபர்ட் சிஸம். செனட் ஹவுஸ், 1879. மாநிலக் கல்லூரி. ஐஸ் ஹவுஸ், 1842, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டி. எல்லாம் சரியான தகவல். செனட் ஹவுஸின் வண்ணக் கண்ணாடிகளைப் பற்றி அவர் பேசியபோது குரலில் உண்மையான பிரியம் இருந்தது.

கடைசியில்தான் சொன்னார்: "சென்னையோட ஹெரிடேஜ் மொத்தமும் கிட்டத்தட்ட இந்தக் கடற்கரை ஓரத்துலயே அடங்கிடும்."

பக்கத்தில் நின்ற பையன் என்னிடம் கேட்டான், "எங்கேர்ந்து வர்றீங்க ப்ரோ?"

"குத்தம்பாக்கம்."

"அது எங்க?"

"பூந்தமல்லி தாண்டி. திருமழிசை பக்கம்."

"ஓ... அப்ப சென்னை இல்லையா?"

அவன் கிண்டல் செய்யவில்லை, மரியாதையாகத்தான் கேட்டான். அதனாலேயே பதில் வரவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம், அமைந்தகரை, கோயம்பேடு, மதுரவாயல், வானகரம், வேலப்பன்சாவடி என்று ஒவ்வொரு சிக்னலிலும் நின்று நின்று பதிலை யோசித்தேன். இந்தக் கட்டுரைதான் அது. கொஞ்சம் நீளமான பதில்.

*

கடற்கரை நடையில் முதலில் கண்ணில் படாமல் போவது கால் வைக்கும் தரை.

மெரினாவின் மணல் இயற்கை தந்த கொடை என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்களை 1870-களில் கட்டத் தொடங்கினார்கள். 1881 புயல் அதில் ஒரு பகுதியை அடித்துப் போனது, மறுபடி கட்டினார்கள். நம் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகரும். குறுக்கே சுவர் வந்ததும் அந்த மணல் தெற்குப் பக்கம் தேங்கியது. அதுதான் மெரினா. கவர்னர் கிராண்ட் டஃப் 1880-களில் அதன்மேல் உலாச்சாலை போட்டு, இத்தாலியை நினைத்துக்கொண்டு, மெரினா என்று பெயரும் வைத்தார்.

தெற்கில் தேங்கிய மணல் வடக்குக்குப் போக வேண்டிய மணல். போகவில்லை. ஆகவே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடல் கரையைத் தின்றது. தெருக்கள் போயின. இன்றைக்கு அங்கே கரை என்பது பாறாங்கல் குவியல். ஒரே சுவர், ஒரே பொறியியல் முடிவு. ஒரு பக்கம் உலகத்தின் நீளமான கடற்கரைகளில் ஒன்று என்று பெருமை, இன்னொரு பக்கம் வீட்டு வாசலில் கடல். கட்டடக்கலை நடை என்று ஒன்று இருக்குமானால் இந்தச் சுவரிலிருந்துதான் அது தொடங்க வேண்டும். சென்னையின் மிகச் செல்வாக்கான கட்டடம் அதுதான். ஆனால் அதற்குக் குவிமாடம் இல்லை, வண்ணக் கண்ணாடி இல்லை, போட்டோவுக்கு நிற்காது.

சேப்பாக்கம் மாளிகை கதையும் அப்படித்தான். அதை ஒரு சுவாரசியத் துணுக்காகச் சொல்லிவிட்டுக் கடந்தார் தம்பி. 1855-ல் நவாப் வாரிசில்லாமல் இறந்தார், கம்பெனி பட்டத்தை ஒழித்தது, கடனுக்காக மாளிகை ஏலத்துக்கு வந்தது, அரசாங்கமே அதை எடுத்துக்கொண்டது. பிறகு அதே மாளிகையின் பாணியைப் பார்த்து, ஒட்டி, விரித்து, சிஸம் கட்டினார். ஒருவனுடைய வீட்டைப் பிடுங்கிவிட்டு அவன் வீட்டு ஜாடையிலேயே ஆபீஸ் கட்டுவது! இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'பாணிகளின் சங்கமம்'. எனக்கு வேறு பெயர் தோன்றுகிறது, எழுதினால் எடிட்டர் வெட்டிவிடுவார்.

உயர் நீதிமன்றம் நிற்கும் இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கேதான் பழைய கறுப்பர் நகரம் இருந்தது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகு, கோட்டைக்கு எதிரே பீரங்கிக்கு மறைப்பு இருக்கக் கூடாது என்று அந்த நகரத்தை இடித்து வெட்டவெளி ஆக்கினார்கள். இதற்கு மேல் இனி யாரும் கட்டக் கூடாது என்று எல்லைக்கல்லும் நட்டார்கள். அதில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரத்தில் இன்னும் இருக்கிறது. போய்ப் பாருங்கள், தம்மாத்தூண்டு கல். 1892-ல் முடிந்த நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரங்களை அண்ணாந்து பார்க்கிற கூட்டத்தில் எத்தனை பேர் அந்தக் கல்லைக் குனிந்து பார்த்திருப்பார்கள்?

பார்வைக்கு இடைஞ்சலாக எது நின்றாலும் இடித்துவிடும் பழக்கம் அந்தக் காலத்தோடு போய்விடவில்லை. 1985-ல் மெரினாவை அழகுபடுத்த வேண்டும் என்று மீனவர்களின் கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்தப் போனார்கள். துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் செத்தார்கள். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் கடைசி நாளில் நடுக்குப்பம் மீன் சந்தை எரிந்தது. 2023-ல் லூப் ரோட்டில் மீன் விற்கும் பெண்களை அகற்றப் போனபோது அவர்கள் மீன்களைச் சாலையில் போட்டு மறித்தார்கள். இதையெல்லாம் செய்தது மரபு நடைக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'கடற்கரை என்றால் காட்சி' என்கிற அதே கண்தான் இரண்டு இடத்திலும் வேலை செய்கிறது. செனட் ஹவுஸை ஃபிரேம் செய்யும்போது ஓரத்தில் வரும் மீன் கூடையை எந்தக் கண் வெட்டிவிடுகிறதோ, அதே கண்தான் மாநகராட்சிக் கோப்பிலும் வெட்டுகிறது.

*

எங்கள் தாத்தா செங்கல் சூளையில் வேலை பார்த்தவர். எங்கள் பக்கம் அதை 'சேம்பர்' என்போம். சேம்பர் கல்லு, சேம்பர் வேலை, சேம்பர்காரன். பூந்தமல்லியிலிருந்து திருவள்ளூர் வரைக்கும் வயலுக்கு நடுவில் நெட்டுக்கு நிற்கும் புகைபோக்கிகளை நீங்கள் பெங்களூர் பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டே பார்த்திருப்பீர்கள். இப்போது அங்கே ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்கள் கல் அறுக்கின்றன. தாத்தா காலத்தில் எங்கள் ஆட்களே அறுத்தார்கள்.

சென்னை செங்கல் நகரம். கோட்டையைத் தவிர்த்துவிட்டுப் பேசினாலும், நாம் வாயைப் பிளந்து பார்க்கும் அத்தனை கட்டடமும் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். 'மெட்ராஸ் டெரஸ்' என்று ஒரு கூரை உண்டு. தேக்குக் கட்டைகள் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துக்கு நிறுத்திச் சாய்வாக அடுக்கி, சுண்ணாம்புக் கலவை போட்டு, பெண்கள் உட்கார்ந்து நாள் கணக்கில் மரக்கட்டையால் தட்டித் தட்டி இறுக்கிய கூரை. சிமென்ட் வரும் வரைக்கும் இந்த ஊரின் தலைக்கு மேலே அதுதான் இருந்தது. சுவருக்குச் சிப்பிச் சுண்ணாம்பு. தேய்த்து மெருகேற்றினால் பளிங்கு மாதிரி மின்னும் என்று வெள்ளைக்காரர்கள் வியந்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்தச் செங்கல் எங்கே வெந்தது? ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. சென்ட்ரலுக்கு வடமேற்கே சூளை. நுங்கம்பாக்கத்துக்கு மேற்கே சூளைமேடு. நகரம் வீங்க வீங்கச் சூளைகள் மேற்கே தள்ளிப் போயின. சூளை பேட்டையானது, சூளைமேடு மேன்ஷன் ஆனது, பூந்தமல்லிச் சூளைகள் அபார்ட்மென்ட் ஆகிக்கொண்டிருக்கின்றன. கட்டடம் எழ வேண்டுமானால் வேறு எங்கேயோ பள்ளம் விழ வேண்டும். கடற்கரை நடை கட்டடத்தை மட்டும் காட்டுகிறது. பள்ளத்தில் நான் கிரிக்கெட் விளையாடி வளர்ந்திருக்கிறேன். மழைக்காலத்தில் அதே பள்ளத்தில் நீச்சல்.

உயர் நீதிமன்றத்தையும் கன்னிமாரா நூலகத்தையும் கட்டிய ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டி. அவர் பெயராவது நடைகளில் வருகிறது, நல்லது. ஆர்கிடெக்ட் பெயரிலிருந்து கான்ட்ராக்டர் பெயர் வரை இறங்கி வந்துவிட்டோம். இன்னும் நாலைந்து படி இருக்கிறது. கொத்தனார், சித்தாள், வண்டிக்காரர், கல் அறுத்தவர். அவர்கள் பெயர் கிடைக்காது, தெரியும். ஆனால் மண் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டலாமே? மண் பேர் சொல்லாமல் போய்விடாது.

எனக்குத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு ஆப் அழகாக இருக்கிறது என்று யாராவது காட்டினால், 'பின்னாடி டேட்டாபேஸ் எங்க இருக்கு, யார் இதை ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து பாத்துக்கறாங்க' என்றுதான் கேட்கத் தோன்றும். இந்த உதாரணம் கொஞ்சம் பழசுதான். என்ன செய்வது, வாரத்தில் ஐந்து நாள் அந்த உலகத்தில்தான் குடித்தனம்.

*

சரி, பின்னாடி என்ன இருக்கிறது? மேற்கே திரும்புவோம்.

தண்ணீர் இருக்கிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, ஆழம் 24 அடி. கோடைக் காலத்தில் தினத்தந்தியில் இந்த எண்ணைப் பார்த்துத்தான் சென்னை குளிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறது. 2015 டிசம்பர் 1 இரவு அங்கே திறந்த மதகு அடையாற்றின் இரண்டு கரையையும் முக்கியது. ஐ.டி. கம்பெனிக்காரர்களுக்குச் செம்பரம்பாக்கம் என்று ஒரு ஊர் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த ஏரிக்கரை மேல் நின்று பாருங்கள். ஒரு பக்கம் கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர், இன்னொரு பக்கம் தாழ்ந்து கிடக்கும் வயல், நடுவில் மண்ணால் ஆன ஒரு நீண்ட முதுகு. பல நூற்றாண்டுகளாக ஆட்கள் மண் சுமந்து கொட்டிக் கொட்டி உயர்த்தியது. இது கட்டடக்கலை இல்லையாம். குவிமாடம் இருந்தால்தான் கட்டடக்கலையாம்.

ரயில் இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வாலாஜா சாலைக்குப் போனது. கடற்கரையோரமாக அது ஓடவில்லை. அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியாக நேரே மேற்கு நோக்கி ஓடியது. சோறும் தோலும் நெசவும் அந்தப் பக்கம்தான் இருந்தன. கம்பெனிக்காரனுக்குத் தெரிந்த திசை நமக்கு மறந்துவிட்டது.

ஆவடி இருக்கிறது. 1955-ல் காங்கிரஸ் மாநாடு கூடி, இந்தியா சோஷலிச மாதிரிச் சமுதாயமாகும் என்று தீர்மானம் போட்ட ஊர். அடுத்த பத்து வருஷத்தில் அங்கே விஜயந்தா டாங்கு உருண்டு வெளியே வந்தது. பக்கத்து அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. ரம்பப் பல் மாதிரி கூரை போட்டு, வடக்கு வெளிச்சம் மட்டும் உள்ளே விழும்படி கட்டிய பழைய ஷெட்டுகள் அங்கே இன்னும் சில மிச்சம் இருக்கின்றன. லேத் மெஷினுக்கு முன்னால் நிற்பவன் கண் கூசக் கூடாது என்று ஒரு பொறியாளர் யோசித்திருக்கிறார். எனக்கு அது செனட் ஹவுஸ் கண்ணாடிக்குக் குறைந்ததாகப் படவில்லை. ஒவ்வொன்றாக இடித்து ஐ.டி. பார்க் ஆக்குகிறார்கள். ஒன்றில் நானே மூன்று வருஷம் வேலை பார்த்தேன்.

இன்னும் வடமேற்கே போனால் பூண்டிக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கம். ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863-ல் கல் கருவிகளைக் கண்டுபிடித்த இடம். சாந்தி பப்பு தலைமையிலான அகழாய்வுக் குழு 2011-ல் அவற்றின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று வெளியிட்டது. ஆக, இந்தப் பக்கம் மனிதச் சாதியின் மூதாதைகள் நடக்க ஆரம்பித்து 15 லட்சம் வருஷமாகிறது. மெரினாவில் உலாச்சாலை போட்டு 140 வருஷம். ஆகஸ்ட் 22, 1639 என்று கேக் வெட்டுபவர்களிடம் நான் சண்டைக்குப் போகவில்லை. கேக் நன்றாகவே இருக்கும். தேதி மட்டும் கொஞ்சம் இடிக்கிறது.

*

இனி எங்கள் ஊர். நகரம் எங்களிடமிருந்து தண்ணீரும் கல்லும் நெல்லும் வாங்கிக்கொண்டது, பதிலுக்கு என்ன கொடுத்தது என்று ஒரு கணக்கு இருக்கிறது. குப்பையைக் கொடுக்கப் பார்த்தது. மாநகராட்சிக் குப்பையைக் கொட்டுவதற்குக் குத்தம்பாக்கத்தின் மேய்க்கால் நிலத்தைக் குறித்தார்கள். ஊர் கூடி எதிர்த்தது. 2020 மே மாதம் கோயம்பேட்டில் கொரோனா பரவியதும் காய்கறிச் சந்தையைத் தூக்கித் திருமழிசை வெட்டவெளியில் வைத்தார்கள். மழை பெய்து தக்காளி மிதந்தது. நகரத்துக்குள் இடம் இல்லை என்றானதும் வெளியூர்ப் பேருந்து முனையத்தை எங்கள் ஊரில் கட்டினார்கள். கூவம் கரையில் இருந்த குடிசைகளை அகற்றி அந்த மக்களை எங்கள் பக்கத்து அடுக்குமாடிகளுக்கு லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். 'அது சென்னையா?' என்று கேட்ட பையனுக்கு ஒரு பதில் இங்கே இருக்கிறது. சென்னை தனக்கு வேண்டாததை எங்கே வைக்கிறதோ அதுவும் சென்னைதான்.

ஆனால் நான் காட்ட நினைத்தது இந்தப் புகார்ப் பட்டியலை இல்லை. ஒரு சுவரை.

1996-ல் குத்தம்பாக்கம் பஞ்சாயத்துத் தலைவராக இளங்கோ ரங்கசாமி வந்தார். இதே ஊர், தலித் குடும்பம், ஏ.சி. டெக்கில் கெமிக்கல் எஞ்சினியரிங் படித்து, மத்திய அரசின் ஆய்வு நிறுவனத்தில் இருந்த வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வந்தவர். அவர் காலத்தில் எங்கள் ஊரில் இரட்டை வீடுகள் எழுந்தன. ஊர் மண்ணையே கொஞ்சம் சிமென்ட் கலந்து அச்சில் அழுத்திக் கல்லாக்கினார்கள். சூளை இல்லை, புகை இல்லை, கல் செய்தவர்களும் ஊர்க்காரர்களே, கூலி ஊரை விட்டு வெளியே போகவில்லை. ஒரு கூரையின் கீழ் இரண்டு வீடு. ஒன்றில் தலித் குடும்பம், ஒட்டிய மற்றொன்றில் வேறு சாதிக் குடும்பம். நடுச்சுவர் இருவருக்கும் பொது.

இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். ஊர் வேறு, சேரி வேறு என்று பல நூறு வருஷமாகத் தெருவை வைத்தே சாதியைக் கட்டிய நாடு இது. ஊருக்கும் காலனிக்கும் நடுவில் ஒரு வயல், ஒரு ஓடை, ஒரு முள்வேலி, சில இடங்களில் தீண்டாமைச் சுவரே கூட. தமிழ்நாட்டுக் கிராமத்தின் மூல வரைபடமே அதுதான். அந்த வரைபடத்தில் கை வைத்து, பிரிக்கிற சுவரை எடுத்துப் பகிர்கிற சுவராக மாற்றிப் போட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் ஆணி அடித்தால் மறுபக்கம் கேட்கும். ஒரு வீட்டில் குழந்தை அழுதால் மற்ற வீட்டுக்குத் தூக்கம் போகும். சண்டை வரும், சமாதானமும் ஆகும். சிஸம் முகலாயக் குவிமாடத்தையும் பைசாந்திய வளைவையும் ஒட்டவைத்தார். இங்கே ஒட்டவைத்தது எதையெதை என்று பாருங்கள். எது கஷ்டம்?

எல்லாம் தேன் ஒழுகுகிறது என்று எழுத மாட்டேன். சுவர் பொதுவானதால் சாதி கரைந்துவிடவில்லை. கல்யாணப் பேச்சு என்று வந்தால் சுவர் தானாக உயர்ந்துவிடும், அதை நானே பார்த்திருக்கிறேன். அதே இளங்கோ, கிரானைட் கம்பெனி தூக்கிப்போட்ட கழிவுக் கற்களை வைத்து மலிவாகத் தெருவுக்கு வடிகால் கட்டியதற்காகப் பதவியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார், பிறகுதான் மீண்டு வந்தார். விதிப்புத்தகத்தில் இல்லாத கல்லை வைத்துக் கட்டுபவனுக்கு இந்த நாட்டில் கிடைக்கும் மரியாதை அது. விதிப்புத்தகத்தில் இருந்த கல்லை வைத்துக் கட்டிய வடிகால்கள் ஒவ்வொரு டிசம்பரிலும் என்ன ஆகின்றன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வீடுகளை எந்த மரபு நடைப் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை. கால் நூற்றாண்டுதான் ஆகிறது, மரபு இல்லை என்பார்கள். சரி. 1959-ல் கட்டிய எல்.ஐ.சி. கட்டடத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுக்கும்போது அது அதிக வயசாகவா இருந்தது?

*

எதிர்க்கேள்விகள் எனக்குத் தெரியும். வாட்ஸப் குழுவில் ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று.

"கடற்கரைக் கட்டடங்களைக் காப்பாற்றினதே இந்த ஆட்கள்தானே?" உண்மை. எஸ். முத்தையா போன்றவர்கள் எழுதி எழுதிக் கரைந்திராவிட்டால் பாதி இருந்திருக்காது. பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை இடிக்கக் கூடாது என்று வழக்குப் போட்டுப் போராடினார்கள். மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்தபோது கேட்க ஆள் இல்லை, இப்போது ஆள் இருக்கிறது. நீதிபதி பத்மநாபன் குழுவின் பட்டியலில் 467 கட்டடங்கள் வந்தன. பட்டியலில் பெயர் இருந்தால் இடிப்பதற்கு முன் ஒரு ஆள் ஒரு கடிதமாவது எழுத வேண்டும். இதுதான் என் பிரச்சினையே. நடக்கிற இடம் பட்டியலுக்கு வருகிறது, பட்டியலுக்கு வந்த இடம் நிற்கிறது. பழைய மாநகரத்தைச் சுற்றியே நடந்துகொண்டிருந்தால் பட்டியலும் அங்கேயே சுற்றும். மேற்கே ஏரி வரத்துக்கால்வாய் பிளாட்டாகும்போது கடிதம் எழுத யாரும் இருக்க மாட்டார்கள். எங்கள் தாத்தா வாங்கிப் போட்ட அரை ஏக்கரும் இன்றைக்கு ஒரு நகரில் மனை எண் 14 முதல் 19 வரை. விற்றது நாங்கள்தான். என் கல்லூரிக் கட்டணம் அது. கை சுத்தம் என்று சொல்லிக்கொண்டு நான் இதை எழுதவில்லை.

"ஏழைகள் வீட்டைக் காட்சிப் பொருளாக்கப் போகிறாயா?" இந்தக் கேள்விக்கு மட்டும்தான் நான் தூக்கம் கெட்டேன். இரட்டை வீட்டு வாசலில் இருபது பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதை யோசித்தாலே கூசுகிறது. குழாயடியில் குடம் வைத்திருக்கும் அக்கா, 'யாருப்பா நீங்கல்லாம்?' என்று கேட்டால் என்ன சொல்வது? 'உங்க சுவரைப் பார்க்க வந்தோம்க்கா' என்றா? நவாப் செத்துவிட்டார், அவர் மாளிகைக்கு முன்னால் நின்று அவர் கடனைப் பற்றிப் பேசினால் யாருக்கும் அவமானமில்லை. உயிரோடு இருப்பவர்களின் வீடு வேறு. ஆகவே என் யோசனை, வீட்டு வாசலுக்குப் போகக் கூடாது. தெருவில் நடக்கலாம், டீக்கடையில் உட்காரலாம், யாராவது கூப்பிட்டால் மட்டும் உள்ளே போகலாம். இதே மரியாதையைக் கடற்கரை நடைக்காரர்கள் நொச்சிக்குப்பத்திலும் காட்டட்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

"மேற்கே நடக்கவே முடியாதே, பிளாட்பாரமே இல்லையே?" ஆமாம். நசரத்பேட்டை சந்திப்பில் சாலையைக் கடந்து பாருங்கள், மறுபக்கம் போய்ச் சேர்ந்தால் குலதெய்வத்துக்குக் கடன். ஆனால் அங்கே யாரும் நடக்கவில்லை என்று நினைக்காதீர்கள். ஸ்ரீபெரும்புதூர்க் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க விடியற்காலை நாலு மணிக்குப் பெண்கள் கூட்டமாக ஹைவே ஓரம் நடக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் லாரிக்கும் சாக்கடைக்கும் நடுவில் இருக்கும் ஒன்றரை அடியில் வரிசையாகப் போகிறார்கள். நகரத்தில் மிக அதிகமாக நடக்கிறவர்களுக்கு நடைபாதை இல்லை, காசு கொடுத்து நடக்கிறவர்களுக்கு மெரினாவில் கருங்கல் பதித்திருக்கிறது. இருபது பேர் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த ஒன்றரை அடியில் நடந்து பார்த்தால், திங்கட்கிழமை யாராவது ஒருவர் நெடுஞ்சாலைத் துறைக்கு ஒரு மனு எழுதக்கூடும். நான் மூன்று எழுதியிருக்கிறேன். ஒருவன் எழுதினால் மனு, இருபது பேர் எழுதினால் தொல்லை. அலுவலகங்கள் தொல்லைக்குத்தான் பதில் சொல்லும்.

*

போன மாதம் நானே நடந்து பார்த்தேன். கூட வந்தது இரண்டே பேர். ஒருவன் ஆபீஸ் நண்பன், இன்னொருவன் அன்றைக்கு 'அப்ப சென்னை இல்லையா?' என்று கேட்ட அதே பையன். நம்பர் வாங்கி வைத்திருந்தேன். திருவான்மியூரிலிருந்து மூன்று பஸ் மாறி வந்தான். எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்ததும் அம்மா முதலில் கேட்டது, "எவ்ளோ வாங்கினான் உன்கிட்ட?" ஒன்றும் வாங்கவில்லை என்று தெரிந்ததும் தோசை வார்த்தாள்.

ஆறரைக்குக் கிளம்பினோம். ஊருக்குள் ஒரு சுற்று. பேருந்து முனையத்தின் கூரையை வெளியிலிருந்து பார்த்தோம். கண்ணாடியும் இரும்புமாக ஏர்போர்ட் மாதிரி இருக்கிறது, சுற்றிலும் இன்னும் மாடு மேய்கிறது. பிறகு திருமழிசை. ஜெகந்நாதப் பெருமாள் கோயில் குளத்துப் படியில் கொஞ்ச நேரம். திருமழிசையாழ்வார் பிறந்த ஊர் என்று பையனுக்குத் தெரிந்திருந்தது, பாட்டி சொல்லியிருக்கிறாராம். பாட்டிக்குத் தெரிந்த திருமழிசை பேரனுக்கு 'சென்னை இல்லை' ஆகியிருக்கிறது.

நெடுஞ்சாலை ஓரம் நடக்கும்போது பேச்சு இல்லை, லாரி சத்தம். ஒரு மூடிக்கிடந்த சேம்பரைத் தாண்டினோம். புகைபோக்கியின் பாதி உயரத்தில் ஒரு அரசங்கன்று முளைத்திருந்தது. கீழே கிடந்த ஒரு உடைந்த கல்லை எடுத்துப் பையன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கல்லின் குழியில் சூளை முதலாளியின் இரண்டு எழுத்து. "இதை எடுத்துக்கலாமாண்ணா?" என்றான். ப்ரோ எப்போது அண்ணா ஆனேன் என்று நான் கவனிக்கவில்லை. "எடுத்துக்கோ, யாரும் கேக்க மாட்டாங்க" என்றேன். பையில் போட்டுக்கொண்டான். ரெண்டு கிலோமீட்டர் போனதும் கனக்கிறது என்று என் நண்பனிடம் கொடுத்தான். அவன் கொஞ்ச தூரம் சுமந்துவிட்டு என்னிடம் கொடுத்தான்.

செம்பரம்பாக்கம் ஏரிக்கரை ஓரம் போய்ச் சேரும்போது ஒன்பதரை ஆகிவிட்டது. தண்ணீர் பாதிக்கு மேல் இருந்தது. கீழே ஒரு கடையில் டீ சொன்னோம். கடைக்காரர் எங்கள் காலில் இருந்த புழுதியைப் பார்த்துவிட்டு, "பழனிக்கா, திருப்பதிக்கா?" என்று கேட்டார். சும்மாதான் நடந்து வந்தோம், குத்தம்பாக்கத்திலிருந்து, என்றேன்.

"சும்மாவா?" என்று ஒரு நிமிஷம் எங்களைப் பார்த்தார். "வண்டி ரிப்பேரா?"